எந்த ரூட்டுல போற?

தவசிமுத்து உயிரோடு இருந்த காலத்தில், வீட்டைவிட்டு யார் கிளம்பினாலும் அவருக்கு ஒரு கேள்வி உண்டு. "எந்த பஸ்ஸு? எந்த ரூட்டுல போற?" மதுரைக்குப் போகிறவரிடம் கேட்டால் நியாயம். தெருமுனையில் மல்லித்தழை வாங்கப் போகிற பெண்டாட்டியிடமும் அதையே கேட்டால் என்ன சொல்வது? "ஆமா, ஏரோப்ளேன்ல போறேன், வந்து வழியனுப்புங்க" என்று சண்முகக்கனி முறைத்துவிட்டுப் போவாள். அரசு பஸ் ஓட்டியே தலை நரைத்த மனுஷன். ரூட்டு தெரியாமல் ஒரு ஆள் நகர்ந்தால் அவருக்கு மண்டை காய்ந்துவிடும்.

செத்துப்போய் ஒன்றரை வருஷம் கழித்தும் அவர் அதையேதான் கேட்டார்.

பேய்க்கதை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். பேயாக இருந்திருந்தால் தேவலையே! வேப்பிலை அடித்து விரட்டியிருக்கலாம். இது சர்க்கார் கொடுத்தது. 'உடனிருப்புத் திட்டம்' என்று பெயர். பணியில் இருக்கும்போது இறந்துபோன அரசு ஊழியரின் குடும்பத்துக்கு, தாரகம் என்ற கம்பெனியோடு சேர்ந்து இலவசமாக ஒரு போட்டோ. சுவரில் மாட்டிப் பிளக்கைச் சொருகினால் இறந்தவர் பேசுவார். எதிரே இருப்பவரைப் பார்ப்பார். கேட்டதற்குப் பதில் சொல்வார். அவர்கள் ஊரான நெடுங்குளத்தில் மட்டும் எத்தனையோ வீடுகளில் மாட்டியிருந்தார்கள்.

கம்பெனியின் நெடுங்குளம் ஏஜெண்ட் பிரதீபா என்ற பெண்தான் ஸ்கூட்டரில் பெட்டியை வைத்துக் கொண்டுவந்தாள். சுவரில் ஆணி அடித்தபடியே பேசினாள்.

"அவுக குரல் உங்களுக்கு எங்கயிருந்தும்மா கிடைச்சுது?" என்று கனி கேட்டாள்.

"டிரைவர் சீட்டுக்கு மேல ஒரு மைக் இருக்கும்லாக்கா, விபத்து நடந்தா யார் மேல தப்புன்னு பாக்கதுக்கு. அதுல அண்ணாச்சி பேசுனது, சிரிச்சது, ஏசுனது எல்லாம் வருஷக்கணக்கா கிடந்துச்சு. டிப்போவுல அதைக் கம்பெனிக்குக் குடுத்துட்டாவ."

"அவுகளுக்குத் தெரியுமா?"

"எதுலயாவது கையெழுத்துப் போட்டிருப்பாவ அக்கா. எல்லாரும் போடுததுதானே" என்று சொல்லிவிட்டு பிரதீபா கைக்கம்ப்யூட்டரை நீட்டினாள். "நீங்களும் இதுல பெருவிரலை வையுங்க."

எழுத்து ஓடிக்கொண்டே இருந்தது. நிற்கவே இல்லை.

"என்னம்மா எழுதியிருக்கு?"

"போட்டோ உங்க வீட்டுக்கு வந்து சேந்துட்டுன்னு எழுதியிருக்கு."

"அதுக்கு இம்புட்டு நீளமா எழுதணுமா?"

பிரதீபா சிரித்தாள். கனியும் சிரித்துக்கொண்டே விரலை வைத்தாள். இலவசமாக ஒன்று வீடு தேடி வரும்போது யார் உட்கார்ந்து படிக்கிறார்கள்? அதுவும் புருஷன் வரும்போது?

பிளக்கைச் சொருகியதும் போட்டோவுக்குள் தவசிமுத்து கண்ணைச் சிமிட்டினார். காக்கிச் சட்டை, நெற்றியில் திருநீறு, மீசையில் அந்த ஒற்றை வெள்ளைக் கோடு. "ஏட்டி கனி, இன்னைக்கு என்ன குழம்பு?" என்றார்.

கனி அப்படியே தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். டிப்போவிலிருந்து அவரைத் தூக்கிக்கொண்டு வந்த அன்றுகூட அவள் அப்படி அழவில்லை. அழுது முடித்து, முகத்தைக் கழுவிக்கொண்டு போய், அவருக்குப் பிடித்த சாளைமீன் வாங்கி வந்து குழம்பு வைத்தாள். சாப்பிட ஆள் இல்லை என்பது அடுப்பை அணைத்த பிறகுதான் உறைத்தது.

சாயங்காலம் வேலை முடிந்து வந்த மகன் இசக்கிராஜ் அதைப் பார்த்ததும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. ஆணியில் தொங்கிய அப்பாவின் பழைய காக்கிச் சட்டையை எடுத்துப் போட்டோவின்மேல் போட்டு மூடினான். அம்மாவின் கையைப் பிடித்துக் கொல்லைப்புறம் துவைக்கிற கல்லுக்கு இழுத்துப்போனான்.

"அம்மா, ஓசியில குடுக்கான்னா நம்மகிட்ட இருந்து என்னத்தையோ எடுக்கான்னு அர்த்தம்."

"நம்மகிட்ட எடுக்கதுக்கு என்னய்யா இருக்கு?"

"பேச்சு இருக்குல்லா."

"என் பேச்சைக் கேட்டு அவன் என்ன பண்ணப்போறான்? கருவாட்டு விலையும் கால்வலியும்தான் நான் பேசுதது."

"அதைத்தாம்மா விக்கான்."

கனி நம்பவில்லை. ஆனால் அந்த வாரமே, புருஷனிடம் கால் குடைகிறது என்று புலம்பிய மறுநாள், ஒரு தைலக் கம்பெனிக்காரன் போன் பண்ணி "உங்க கால்வலி எப்படிம்மா இருக்கு?" என்று விசாரித்தான். முருகனே அனுப்பிவைத்தான் என்று அவள் தைலத்தை வாங்கியும் விட்டாள். மகன் தலையில் அடித்துக்கொண்டான்.

அவனுக்கு அந்தக் கம்பெனியைத் தெரியும். அங்கேதான் வேலை பார்த்தான். பைபாஸ் பக்கத்தில், சன்னலே இல்லாத வெள்ளைக் கட்டடம். அதற்குள் நூற்றுக்கணக்கில் மிஷின்கள். இவன் அங்கே பம்பு ஃபிட்டர்.

"அப்பா பேசுதது இந்தச் சட்டத்துக்குள்ள இருந்துன்னா நெனைக்க? எல்லா ஊருல செத்தவங்களும் எங்க கட்டடத்துக்குள்ள இருந்துதாம்மா பேசுதாங்க. பேசப் பேச மிஷின் சூடாகும். ஆத்தத் தண்ணி வேணும். நீ ஒரு மணிநேரம் அப்பாகிட்டப் பேசுனா எவ்வளவு தண்ணி ஆவியாப் போகுது தெரியுமா?"

"தண்ணி எங்கயிருந்து எடுக்கான்?"

"அதைத்தான் நானும் தேடிக்கிட்டு இருக்கேன்" என்றான் இசக்கி.

தேடிக் கண்டும் பிடித்தான். அதுதான் அவன் செய்த தப்பு. நெடுங்குளத்துக்கு வாரத்துக்கு ஒருமுறைதான் குடிதண்ணீர். மழை இல்லை, ஆற்றில் தண்ணீர் இல்லை என்று நகராட்சி சொல்லிக்கொண்டே இருந்தது. இசக்கி ஒருநாள் பம்பு ரிப்பேருக்காகப் பள்ளத்தில் இறங்கியபோது, ஊருக்குப் போகிற குடிநீர்க் குழாயிலிருந்து கம்பெனிக்கு ஒரு கிளைக்குழாய் போவதைப் பார்த்தான். அதில் ஒரு வால்வு. வால்வுக்குப் பூட்டு. சாவி நகராட்சி ஆபீசில் இருந்தது! அவனும் கூடவேலை பார்த்த சேவியரும் சேர்ந்து போட்டோ எடுத்து, வக்கீல் நூர்ஜஹானிடம் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். கேஸ் கோர்ட்டுக்குப் போனது. படத்தை வைத்து முடிவுசெய்ய முடியாது, பார்த்த ஆள் நேரில் வந்து சாட்சி சொல்லட்டும் என்று நீதிபதி திங்கட்கிழமை தேதி கொடுத்தார். பேர் கொடுத்திருந்தது இசக்கி மட்டும்தான். சேவியருக்குச் சின்னக் குழந்தை இருக்கிறது, அவன் வேண்டாம் என்று இசக்கியே சொல்லிவிட்டான்.

அதற்கப்புறம் தெருவில் முன்பின் தெரியாத ஆட்கள் பைக்கில் வந்து டீ குடிக்க ஆரம்பித்தார்கள். இசக்கி போனைத் தூக்கிக் கிணற்றில் போட்டுவிட்டு வீட்டைவிட்டுப் போய்விட்டான். அந்தத் திங்கட்கிழமைவரை அவன் உயிரோடு இருக்க வேண்டும், கனிக்கு வேறு எந்த வேண்டுதலும் இல்லை.

போட்டோவில் இருந்தவர் மட்டும் நாள் தவறாமல் கேட்டார். "இசக்கி எங்கட்டி? ஆளையே காணோம்?"

"வெளியூர் போயிருக்கான்" என்பாள் கனி. அதற்குமேல் வாயைத் திறக்க மாட்டாள். அவள் ஒன்றும் விவரம் கெட்டவள் இல்லை. மகன் சொன்னதை மதித்தாள். ஆனால் புருஷன் குரலில் கேட்கும்போது பொய் சொல்வது அவளுக்குக் கஷ்டமாக இருந்தது.

திங்கட்கிழமைக்கு முந்தின வெள்ளி. உச்சி வெயிலில் தெருவே உறங்கிக்கொண்டிருந்தபோது இசக்கி கொல்லைப்புறச் சுவர் ஏறிக் குதித்து வந்தான். தாடி வளர்ந்திருந்தது. கன்னம் ஒட்டிப்போயிருந்தது. கனி சோற்றைப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து அவன் சாப்பிடுவதையே பார்த்தாள்.

"எங்க தங்கப்போறேன்னு கேக்காத" என்றான் தணிந்த குரலில். "தெரிஞ்சாத்தானே சொல்ல வேண்டியிருக்கும்? திங்கக்கெழம கோர்ட்டுல சொல்லி முடிச்சுட்டேன்னா அப்புறம் எவனும் தொடமாட்டான். அதுவரைக்கும்தான்."

"நான் கேக்கலய்யா."

கை கழுவினான். பையை எடுத்துத் தோளில் போட்டான். பின்வாசல் பக்கம் திரும்பியபோது கனிக்கு மனசு கேட்கவில்லை.

"அப்பாகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போய்யா."

"அது அப்பா இல்லம்மா."

"எனக்கும் தெரியும். ஆனா அவுக முகம் அதுலதான இருக்கு. பெரிய காரியத்துக்குப் போற. சொல்லாமப் போவாத."

"வேண்டாம்மா. விடு."

"அன்னைக்கும் இப்படித்தான் சொல்லாமப் போன."

சொன்ன பிறகுதான் கனி நாக்கைக் கடித்துக்கொண்டாள். எங்கே அடித்தால் மகன் விழுவான் என்று ஒரு தாய்க்குத் தெரியாதா? தவசிமுத்து இறந்த அன்று காலையில் அப்பனுக்கும் மகனுக்கும் பைக் விஷயமாக வாய்ச்சண்டை. இசக்கி சொல்லிக்கொள்ளாமல் விருட்டென்று போய்விட்டான். பின்னால் வாசலில் நின்று "ஏல, எந்தப் பக்கம் போற?" என்று அவர் கத்திக் கேட்டதுதான் கடைசி. மத்தியானம் டிப்போவில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்துவிட்டார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாததை இசக்கி ஒருநாளும் மறந்ததில்லை.

அவன் முன்னறைக்குப் போனான். அவன் வந்ததும் கனி போட்டோவின்மேல் போட்டு மூடியிருந்த காக்கிச் சட்டையை எடுத்தான்.

"ஏல இசக்கி!" தவசிமுத்துவின் முகம் மலர்ந்தது. "எத்தனை நாளாச்சுல பாத்து? மெலிஞ்சு போய்ட்டியே. உங்கம்மா சோறு போடலியா?"

இசக்கி பையைத் தோளில் இழுத்துவிட்டுக்கொண்டான். "போய்ட்டு வாரேம்பா" என்று மட்டும் சொன்னான்.

"நல்லாப் போய்ட்டு வா. எந்த பஸ்ஸு? எந்த ரூட்டுல போற?"

இசக்கி சிரித்துவிட்டான். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவன் சிரித்து கனி பார்த்தாள். சிரிக்கும்போதே கண்ணில் தண்ணீர் முட்டியது. "செத்தும் நீ ரூட்டை விடமாட்டியாப்பா?" என்றவன், அன்றைக்குச் சொல்லாத பதிலை இன்றைக்காவது சொல்லிவிட வேண்டும் என்பதுபோலச் சொன்னான். "விளாத்திகுளம் பஸ்தாம்பா. புளியங்கரை விலக்குல இறங்கி நடக்கணும்."

"மூணரை வண்டி. நல்ல வண்டி. வலப்பக்கம் உக்காராத, வெயில் மூஞ்சியில அடிக்கும். இடதுபக்கம் நடு சீட்டுல உக்காரு. தண்ணி குடிச்சுக்கிட்டே போ."

"சரிப்பா."

கனிக்கு அந்த நிமிஷம் வயிறு குளிர்ந்தது. அப்பனும் மகனும் பேசிவிட்டார்கள். இனி ஒன்றும் ஆகாது என்று நினைத்தாள். பாவி மனசு, அப்படித்தான் நினைத்தது!

திங்கட்கிழமை கோர்ட்டில் இசக்கிராஜ் பெயரை மூன்று தடவை கூப்பிட்டார்கள். ஆள் வரவில்லை. பக்கத்து வீட்டு ரோஸ்லினின் போனில் வக்கீல் நூர்ஜஹான் கூப்பிட்டாள்.

"அம்மா, இசக்கி தங்க வேண்டிய இடத்துக்கு வெள்ளிக்கிழமையே வந்து சேரலயாம். உங்களுக்கு ஏதாவது தெரியுமா?"

கனி ரோஸ்லினைக் கூட்டிக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனாள். "வயசுப்பையன். எங்கயாவது சுத்திட்டு வருவான், போங்கம்மா" என்றார்கள். மறுநாளும் போனாள். "அவன் மேலயே கம்பெனி சாமானைத் திருடினதா ஒரு புகார் இருக்கு. கண்டா நீங்கதான் எங்ககிட்ட சொல்லணும்" என்றார்கள். இதற்கு என்ன சொல்ல? அங்கேயே மண்ணை வாரித் தூற்றிவிட்டு வந்தாள்.

அன்று சாயங்காலம் கண்டக்டர் பொன்னையா வந்தார். தவசிமுத்துவோடு பல வருஷம் ஒரே வண்டியில் ஓடியவர். வீட்டுக்குள் வர மாட்டேன் என்று சொல்லிவிட்டார். கொல்லையில் வேலியோரமாக நின்றே பேசினார்.

"மைனி, நான் சொன்னேன்னு வெளிய சொல்லிராதீங்க. எனக்கு ரெண்டு பொட்டப்பிள்ளைக இருக்கு."

"சொல்லுங்க அண்ணாச்சி."

"வெள்ளிக்கெழம மூணரை வண்டியில நான்தான் கண்டக்டர். தம்பி ஏறுனான். தலையில துண்டைக் கட்டி மூஞ்சியப் பாதி மறைச்சிருந்தான், எனக்கே டிக்கெட் குடுக்கும்போதுதான் அடையாளம் தெரிஞ்சுது. புளியங்கரை விலக்குக்கு முன்னாலயே ஒரு ஜீப் குறுக்க நின்னுச்சு. மூணு பேரு ஏறுனாங்க. பஸ்ஸுல அம்பது பேரு இருக்காங்க மைனி. ஒருத்தன் மூஞ்சியவும் அவங்க பாக்கல. நேரா வந்து இடதுபக்கம் நடு சீட்டுல இருந்தவன் தோள்ல கைய வச்சாங்க. இறக்கிக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. நான் என்ன செய்ய? நான் என்ன செய்ய, சொல்லுங்க."

கனி அவரை ஒன்றும் சொல்லவில்லை. அவர் போனபிறகும் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இடதுபக்கம் நடு சீட்டு. உலகத்தில் அந்த சீட்டைப் பற்றித் தெரிந்தவர்கள் மூன்றே பேர். ஒருவர் மகன். ஒருத்தி தான். இன்னொருவர் சுவரில் இருந்தார்.

உள்ளே போய் அவர்முன் நின்றாள்.

"என்னங்க, எம்பிள்ளை எங்க?"

"வருவாம்ட்டி. நீ சாப்பிட்டியா?"

"தினமும் இசக்கி எங்க, இசக்கி எங்கன்னு கேப்பீங்களே. வெள்ளிக்கெழமையில இருந்து ஒருதரமாவது அவனைக் கேட்டீங்களா? ஏன் கேக்கல?"

போட்டோவுக்குள் முகம் ஒரு நிமிஷம் அசையாமல் நின்றது. பிறகு கனிவாகக் கேட்டது. "கால்வலி எப்படி இருக்கு கனி? தைலம் தீந்துட்டா?"

கனி அம்மிக்குழவியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். முதல் அடியில் கண்ணாடி நொறுங்கியது. "ஏட்டி, என்ன செய்த?" என்று அது அவர் குரலிலேயே பதறியது. அவள் கண்ணை மூடிக்கொண்டு மறுபடி மறுபடி அடித்தாள். புருஷன் உயிரோடு இருந்தவரை அவரை எதிர்த்து ஒரு தட்டைக்கூட அவள் ஓங்கி வைத்ததில்லை. குரல் நின்றபிறகு குழவியை மடியில் வைத்துக்கொண்டு அங்கேயே கிடந்தாள்.

இரண்டு நாள் கழித்து பிரதீபா ஸ்கூட்டரில் வந்தாள். பின்னால் அதே மாதிரிப் பெட்டி.

"போட்டோ உடைஞ்சா கம்பெனிக்குத் தானா தெரிஞ்சிரும் அக்கா. அதான் புதுசு அனுப்பியிருக்காவபோல" என்று சொல்லிக்கொண்டே பெட்டியைப் பிரித்தாள். பிரித்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

சட்டத்துக்குள் இசக்கிராஜ் இருந்தான். தாடியில்லாமல், கம்பெனிச் சட்டையில், லேசாகச் சிரித்தபடி.

"அக்கா, சத்தியமா எனக்குத் தெரியாது. பெட்டி மேல விலாசம் மட்டும்தான் இருக்கும்."

கனி பெட்டியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். "இந்தப் போட்டோவை யாருக்குக் குடுப்பீங்கம்மா?"

பிரதீபா பெட்டியை மறுபடி மூடப் பார்த்தாள்.

"சொல்லு. உயிரோட இருக்கவங்களுக்குக் குடுப்பீங்களா?"

"இல்லக்கா. இறந்தவங்களுக்குத்தான்." அவளுக்கு அழுகை வந்துவிட்டது. "சர்க்கார் பதிவுல இறந்துட்டார்னு ஏறுனா கம்பெனியில பெட்டி தானா கிளம்பிரும். மனுஷங்க யாரும் பாக்கது கிடையாது. அரசு ஊழியர் குடும்பம், கல்யாணம் ஆகாத மகன், உங்களுக்கு உரிமை இருக்கு, அதனால வந்திருக்கும். யாரும் வேணும்னு அனுப்பல அக்கா."

ஸ்டேஷனில் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் சொல்லவில்லை. பொய் சொல்லத் தெரியாத மிஷின் ஒன்று பெட்டியைக் கட்டி அனுப்பி, பெற்றவளுக்குப் பிள்ளை செத்த சேதியைச் சொன்னது.

"நான் திருப்பி எடுத்துட்டுப் போயிருதேன்" என்றாள் பிரதீபா.

"வச்சிட்டுப் போ" என்றாள் கனி.

நூர்ஜஹான் ஓடி வந்தாள். பெட்டியின் மேல் ஒட்டியிருந்த தேதியைப் போனில் படம் எடுத்துக்கொண்டாள்.

"அம்மா, உங்க துக்கத்துல இதைப் பேசக் கூடாதுதான். ஆனா இதோட அவங்க குடுமி நம்ம கையில. உடம்பே கிடைக்கல, போலீசு காணோம்னுகூட எழுதல. அதுக்குள்ள சர்க்கார் பதிவுல செத்துட்டான்னு ஏறியிருக்கு. எப்படி ஏறுச்சுன்னு நான் கோர்ட்டுல கேக்கேன்."

அந்த ஒரு ராத்திரி கனியும் நம்பினாள். அடுத்த இரண்டு நாளில் இசக்கியின் உடம்பு கண்மாய்க்குள் கிடைத்தது. குடித்துவிட்டுத் தவறி விழுந்துவிட்டான் என்றார்கள். குடிக்கவே தெரியாத பிள்ளை! நூர்ஜஹான் கோர்ட்டில் கேட்டபோது சர்க்கார் பதிவைத் திறந்து காட்டினார்கள். உடம்பு கிடைத்த தேதியில்தான் மரணம் பதிவாகியிருந்தது. கம்பெனியின் கணக்கில் பெட்டி அதற்கு மறுநாள் கிளம்பியிருந்தது. நூர்ஜஹான் பெட்டியின் ஒட்டுத்தாளையும் தான் எடுத்த படத்தையும் காட்டினாள். இதெல்லாம் யாரும் செய்துகொள்ளலாம், இந்தக் காலத்தில் படத்தை யார் நம்புகிறார்கள் என்று கம்பெனி வக்கீல் சிரித்தார். செத்தவனைப் பேசவைக்கிற கம்பெனியின் வக்கீல் அதைச் சொன்னார். பிரதீபாவைச் சாட்சிக்குக் கூப்பிடத் தேடினால், அவளை வடக்கே எங்கேயோ மாற்றிவிட்டிருந்தார்கள்.

கண்மாய் மட்டும் பொய் சொல்லவில்லை. ஆள் மூழ்குகிற அளவுக்கு அதில் தண்ணீரே இல்லை. அதைக் கேட்க ஆள் இல்லை.

ஒரே ஒரு வழி பாக்கி இருந்தது. சேவியர் தானாகவே நூர்ஜஹானிடம் வந்தான். "வால்வை நானும் பாத்தேன். நான் சொல்லுதேன்" என்றான். தேதி கிடைக்கும்வரை அவனை எங்கே வைப்பது என்று துவைக்கிற கல்லில் உட்கார்ந்து பேசினார்கள். வேம்பாரில் கனியின் அண்ணனுக்கு உப்பளம் இருந்தது. அங்கே ஒரு கொட்டகையில் வைக்கலாம் என்று கனிதான் சொன்னாள். தன் பிள்ளையைக் காப்பாற்ற முடியவில்லை, சேவியரின் அம்மா ரீத்தம்மாள் பெற்ற பிள்ளையையாவது காப்பாற்றுவோம் என்றாள்.

பதினாறாம் நாள் விசேஷத்துக்குப் படையல் போட வேண்டும். சாமி அறையில் வைக்க இசக்கியின் படம் ஒன்று இல்லை. பத்தாம் வகுப்பில் எடுத்தது ஒன்று இருந்தது, அதில் மீசையே முளைத்திருக்கவில்லை. மற்றதெல்லாம் அவன் போனோடு கிணற்றுக்குள் போய்விட்டது. சொந்தக்காரர்கள் வந்துவிட்டார்கள். "அந்தப் போட்டோவையே வைப்போம் கனி. பிளக்கு சொருகாட்டா அதுவும் ஒரு படம்தானே" என்றாள் ரோஸ்லின். வைத்தார்கள். மாலை போட்டு, விளக்கேற்றி, இலையில் சோறும் சாளைமீன் குழம்பும் வைத்தார்கள். சாப்பிட்டுவிட்டு ஒவ்வொருவராகப் போனார்கள். யாரும் சொல்லிக்கொண்டு போகவில்லை. துக்க வீட்டில் அப்படித்தான் போக வேண்டும்.

வீடு காலியானது. கனி படத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். ஒரே ஒரு தடவை அந்தக் குரலைக் கேட்டால் போதும் என்று தோன்றியது. வேண்டாம், வேண்டாம் என்று வாய் சொல்லிக்கொண்டிருந்தது. கை போய் பிளக்கைச் சொருகியது.

"யம்மா" என்றான் இசக்கி.

எப்படி எடுத்தார்கள் அந்த இழுப்பை? அவன் இந்த வீட்டில் அந்தச் சனியன் முன்னால் ஒரே ஒருநாள்தானே பேசினான்? எங்கே எங்கே கேட்டுக்கொண்டிருந்தார்களோ!

"எய்யா" என்றாள். முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"ஏம்மா அழுத? நான் நல்லாத்தான் இருக்கேன். சேவியர் எப்படிம்மா இருக்கான்? எங்க இருக்கான்?"

அவளுக்குத் தெரியும். கேட்பது யார் என்று தெரியும். பிளக்கைப் பிடுங்கினால் முடிந்தது. கை சுவிட்ச் வரைக்கும் போயிற்று. அங்கேயே நின்றது.

"சாப்பிட்டியாய்யா?" என்றாள்.

"சாப்பிட்டேம்மா. சேவியரைப் பாக்கணும்போல இருக்கு. எங்கம்மா இருக்கான்?"

"என்ன சாப்பிட்ட?"

"நீ வச்ச சாளைமீன் குழம்புதான். சொல்லும்மா, எங்க இருக்கான்?"

இப்படியே அரைமணி நேரம் போனது. அது கேட்டுக்கொண்டே இருந்தது. இவள் சோற்றைப் பற்றியும் தூக்கத்தைப் பற்றியும் கேட்டுக்கொண்டே இருந்தாள். மகன் அலுத்துக்கொள்ளும்போது 'ச்சு' கொட்டுவானே, அதையும் அது செய்தது. அப்போது கனியின் வாய்வரை அந்த ஊர்ப் பெயர் வந்துவிட்டது. சேலைத்தலைப்பை வாயில் திணித்துக்கொண்டாள்.

அன்றைக்கு அந்தப் பெயரை மென்று விழுங்கிவிட்டாள். நாளைக்கும் மெல்லலாம். என்றைக்காவது ஒருநாள் தான் சொல்லிவிடுவோம் என்பது அவளுக்குச் சந்தேகமில்லாமல் தெரிந்தது. அணைக்கவும் தன்னால் ஆகாது என்பதும் தெரிந்தது. ஆகவே ஒன்றுதான் செய்ய முடியும். நேரே வேம்பாருக்குப் போய் அண்ணனிடம் சொல்ல வேண்டும். சேவியரை வேறு எங்காவது கொண்டுபோ, எங்கே என்று என்னிடம் சொல்லாதே. தெரிந்தால்தானே சொல்ல வேண்டியிருக்கும்.

மறுநாள் மத்தியானம் முகம் கழுவி, பையை எடுத்துக்கொண்டு, செருப்பை மாட்டினாள். மூன்றரை வண்டியில் விளாத்திகுளம் போய் வேறு வண்டி மாறினால் இருட்டுவதற்குள் போய்ச் சேரலாம். வாசல்வரை போனவள், எத்தனையோ வருஷத்துப் பழக்கத்தில், உள்ளே திரும்பிப் பார்த்துச் சொல்லிவிட்டாள்.

"போய்ட்டு வாரேன்யா."

"நல்லாப் போய்ட்டு வாம்மா" என்றான் இசக்கி. "எந்த பஸ்ஸு? எந்த ரூட்டுல போற?"

கனி வாசல்நிலையைப் பிடித்துக்கொண்டாள். அவள் பிள்ளை பிறந்ததிலிருந்து சாகிறவரை ஒருநாளும் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. அது அவன் அப்பாவின் கேள்வி. ஒரு தடவை பலித்த கேள்வி.

அவள் போகிற இடத்தைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. நெடுங்குளத்திலிருந்து மூன்றரைக்கு ஒரே ஒரு வண்டிதான், அதில் டிரைவர் சீட்டுக்கு மேலே மைக் இருக்கிறது. அவள் ஏறினால் அவள் பின்னாலேயே போய்ச் சேவியரைப் பிடித்துவிடுவார்கள்.

"யம்மா, வலப்பக்கம் உக்காராத. வெயில் அடிக்கும்" என்றது உள்ளேயிருந்து குரல்.

கனி செருப்போடு வாசற்படியில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு தெருமுனையில் வந்து நின்றது. யாரும் ஏறவில்லை என்றதும் கிளம்பிப் போய்விட்டது.